இரண்டு சமுத்திரம், ஒரு கிடா

செனோபியோ உட்கார மறுத்துவிட்டான்.

லெயோகாதியா மன்சீயாவின் துப்பறியும் அலுவலகத்தில் நாற்காலிகளுக்குப் பஞ்சமே இல்லை. ரொட்டிக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறைதான். ஆனால் உடைத்துப் பிரித்த கப்பல் ஒன்றின் சாப்பாட்டு அறையிலிருந்து ஏலத்தில் எடுத்த நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. எல்லாம் மெத்தை வைத்தவை. அதில் ஒன்றை அவளே இழுத்துப் போட்டாள்.

"உக்காரு, செனோபியோ."

"வேணாம், தோன்யா லெயோ. படகுக்காரன். நின்னே பழகின காலு."

"படகுலகூட உக்காருவாங்களே," என்றான் யூரே, வாய் நிறைய சோரிசோ இறைச்சி வைத்த பன்னோடு.

யூரே அவளுடைய உதவியாளன். குரோவேஷியாவிலிருந்து பிழைக்க வந்த தாத்தாவிடமிருந்து நீண்ட மூக்கும், யாரிடமிருந்து என்றே தெரியாமல் அதைவிட நீண்ட நாக்கும் அவனுக்கு வாய்த்திருந்தன. புந்தா அரேனாஸில் பிறந்து, ஜன்னலைத் திறந்தால் மெகல்லன் ஜலசந்தி தெரியும் தெருவில் வளர்ந்தவன்தான். ஆனால் படகில் கால் வைத்தால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். துப்பு தரையில் கிடக்கும்வரைதான் அவன் சூரன்.

அறையில் நாலாவது ஆள் எர்மீனியா அம்மாள், ஊர் வழக்கில் தோன்யா எர்மீனியா. ஊருக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் விதவை. தோல் கையுறைகளைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள், யாரையாவது அறைய வேண்டி வந்தால் தயாராக இருக்கட்டும் என்பதுபோல.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள் லெயோ.

செனோபியோ தொண்டையைச் செருமினான். திங்கட்கிழமை காலையில் துறைமுகத்தில் அவன் படகில் அட்மிரலை ஏற்றினார்கள். அட்மிரல் என்றால் கடற்படைத் தளபதி இல்லை, கிடா. தென்கோடி முழுக்கத் தேடினாலும் அதற்கு ஈடான கம்பளிக் கிடா கிடையாது என்று எர்மீனியா சொல்வாள். முட்டு வாங்கிய யாரும் அதை மறுத்ததில்லை. மே மாதம் ஆடுகள் இணை சேரும் பருவம். ரியெஸ்கோ தீவுப் பண்ணைக்காரர் ஒருவர் தன் மந்தைக்காக அதைக் கேட்டிருந்தார். ஜலசந்தியில் தெற்கே இறங்கி, ஃப்ரோவர்டு முனையைச் சுற்றிக்கொண்டு, மேற்கே பசிபிக் பக்கமாகப் போகவேண்டும்.

"கூட யாரு வந்தா?"

"யாருமில்ல. பவுதீலியோதான் கிடாவ நடத்திக்கிட்டு வந்தான், ஏத்தினான், கயித்தக் கட்டினான், இறங்கிட்டான். அந்தப் பிசாசு அவன் ஒருத்தனுக்குத்தான் அடங்கும்னு ஊருக்கே தெரியுமே."

"பவுதீலியோ என் பண்ணையாள்," என்றாள் எர்மீனியா. "நேத்து வரைக்கும்."

"அப்புறம்?"

"முனையத் தாண்டினதும் காத்து பேயா அடிச்சுது. ஒரு சின்னக் குடாவுல ஒதுங்கினேன். நங்கூரம் போட்டுட்டு அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா, கடலே இல்ல தோன்யா! தண்ணி ரெண்டு தெரு தூரம் உள்வாங்கிப் போச்சு. படகு மணல்ல ஒருக்களிச்சுப் படுத்துக் கிடக்கு, செத்த திமிங்கலம் மாதிரி. கிடா பாட்டுக்கு இறங்கி, மணல்ல நடந்து, காட்டுக்குள்ள போயிடுச்சு. மரங்களுக்குள்ள நுழைஞ்சப்புறம் தடமே இல்ல."

"கயிறு அறுந்துச்சா, அவுந்துச்சா?"

"அவுந்துச்சு." செனோபியோவின் பார்வை தரைக்கு இறங்கியது. "முடிச்சு சரியில்ல போல."

"செனோபியோ, ஆடு திருடின கள்ளன் மாதிரி முழிக்கிறியே," என்றான் யூரே.

"யூரே!"

"பழமொழி சொன்னேன், தலைவி."

எர்மீனியா கையுறை விரல்களை மடக்கி விரித்தாள். "எத்தனை வருஷம் என் அடுப்பங்கரையில சாப்பிட்டவன்! ஒரு முடிச்சுப் போடத் தெரியல. நேத்து இவன் வந்து சொன்னதும், திங்கக்கிழமையிலேர்ந்து லீவுல இருந்தவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு வார்த்தை பேசல. வெளிய போடான்னேன். தொப்பியத் தலைல வச்சான், போயிட்டான். குத்தம் இருந்தாத்தானே வாய் அடைக்கும்? நேத்தே போலீஸ்ல சொல்லி வச்சாச்சு. நாளைக்குச் சாயங்காலம் போய் எழுதிக் குடுக்கப் போறேன், ரெண்டு பேர் மேலயும். அதுக்குள்ள என் கிடா வரணும், லெயோ."

"எழுதிக் குடுத்தா ஜெயில்தான், தெரியும்ல? இந்தப் பக்கத்துல ஆளைக் கொன்னவனுக்குக்கூட இரக்கம் பாப்பாங்க. ஆட்டுத் திருட்டுக்குப் பாக்க மாட்டாங்க."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

செனோபியோவின் முகம் வெளுத்தது. அவசரமாகப் படியிறங்கினான். லெயோ ஜன்னலருகே போய் அவன் தெருவில் நடந்து போவதையே பார்த்தாள். இப்போதுதான் முதல்முறையாகக் குதிரையேறி இறங்கியவன்போல, கால்களை அகட்டி அகட்டி வைத்துப் போனான்.

"யூரே, பவுதீலியோவைப் போய்ப் பாரு. பேசு. அழுதா தோள் குடு."

"அழலேன்னா?"

"நல்லாக் கவனி."

*

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பவுதீலியோ தெருக்கோடியில் ஒரு மூட்டையோடு போராடிக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். காற்றே சாய்க்க முடியாத குட்டையான, உறுதியான உடம்பு. சீலோவே தீவுக்காரன். மழையையும் உருளைக்கிழங்கையும் தவிர அந்தத் தீவில் வேறென்ன விளைகிறது என்று யூரே அவனைச் சீண்டாத நாள் கிடையாது. இன்றைக்குச் சீண்ட மனம் வரவில்லை.

"எங்கண்ணே, கிளம்பிட்டீங்களா?"

"ஊருக்குத்தான் தம்பி. சீலோவேக்கு. நாளைக் கப்பல்ல."

"மூட்டைல என்ன, கல்லா?"

"உருளைக்கிழங்கு."

யூரே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். முதுகெலும்பு முனகியது. "முடிச்சு நல்லாத்தானேண்ணே போட்டீங்க?"

"நல்லாத்தான் போட்டேன்."

"அப்ப அதை அந்தம்மாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லி என்ன ஆகப்போகுது?" பவுதீலியோ பெருமூச்சு விட்டான். வேலை போய், வீடு போய், பேரும் போய் நிற்கிற மனிதன், அன்றைக்கும் முகத்தை மழமழவென்று மழித்து, தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தான். ஏழையின் மானம் என்பது இதுதான் என்று யூரேவுக்குத் தோன்றியது.

சந்தைக்குப் பக்கத்து மூலையில் பவுதீலியோ நின்றான். "இங்க வச்சிடு. இனிமே நான் பாத்துக்கறேன்."

யூரே தன் சட்டைப் பையிலிருந்த இன்னொரு பன்னை எடுத்து அவன் கையில் திணித்தான். மதியச் சாப்பாடு. அதைக் கொடுப்பதென்பது அவனைப் பொறுத்தவரை பாதி உயிரைக் கொடுப்பது மாதிரி. திரும்பி நடந்தபோது கண்ணில் நீர் கட்டியது. காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

லெயோவைக் கடற்கரையில் கண்டுபிடித்தான். செனோபியோவின் படகைப் பழுதுபார்க்கக் கரையில் ஏற்றியிருந்தார்கள். அவள் அதன் வயிற்றை, மாட்டைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முழுக்கச் சாயம் உரிந்து, பலகை இடுக்கெல்லாம் மணல் அப்பியிருந்தது.

"பொய் சொல்லல," என்றாள். "படகு மணல்ல படுத்தது நிஜம்தான்."

"அப்ப செனோபியோ யோக்கியன்?"

"அதை நான் சொல்லல. நம்ம ஆள் எப்படி இருக்கான்?"

யூரே உருக்கமாகச் சொன்னான். ஊருக்கே போகிறான் என்றும், கையில் ஒரு கிழங்கு மூட்டையைத் தவிர ஒன்றுமில்லை என்றும், துக்கத்திலும் தலை வாரியிருந்தான் என்றும் சொன்னான்.

"என்ன மூட்டைன்னே?"

"உருளைக்கிழங்கு, தலைவி. என் முதுகைக் கேளுங்க."

லெயோ கடலைப் பார்த்தாள். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் அவள் முகம் ஒன்றுமே தெரியாத பசு மாதிரி ஆகிவிடும். அந்த முகம் இப்போது வந்தது.

"காரை எடு. எர்மீனியாவையும் ஏத்திக்க. ஒரு சவாரி போகணும்."

"மேற்கேயா? அங்க ரோடே கிடையாதே."

"கிழக்கே."

*

யூரேவின் கார் ஒரு தகர டப்பா. எதிர்காற்று பலமாக அடித்தால் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று சந்தேகம் வரும். ஊரைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, மஞ்சள் புல்லைத் தவிர ஒன்றுமே முளைக்காத வெளியில் அது ஆடிக்கொண்டே போயிற்று. வலது பக்கம் ஜலசந்தி கூடவே வந்தது. பின்சீட்டில் எர்மீனியா கோட்டுக்குள் புதைந்து உட்கார்ந்திருந்தாள்.

"என் கிடா மேற்கே காட்டுல சுத்துது. நாம எதுக்குக் கிழக்கே போறோம்?"

"எர்மீனியா, நீ மலைக்காரி. இவனுக்குக் கடல்னாலே வாந்தி," என்றாள் லெயோ. "அதனாலதான் செனோபியோ உங்களுக்கு முன்னாடி அந்தக் கதையைச் சொன்னான். ஒரு மீன்காரிகிட்டச் சொல்லியிருந்தா கூடையால அடிச்சிருப்பா."

"என்ன தப்பு அதுல?"

"நம்ம ஜலசந்திக்கு ரெண்டு வாய். ஒண்ணு பசிபிக்கைப் பாத்து, ஒண்ணு அட்லாண்டிக்கைப் பாத்து. ரெண்டு சமுத்திரமும் ஒரே மாதிரி மூச்சு விடாது. மேற்கு வாயில தண்ணி இடுப்பளவு ஏறும், இடுப்பளவு இறங்கும், அவ்வளவுதான். பாறை நேரா ஆழத்துக்கு இறங்குது. படகைப் படுக்கப் போட மணலுக்கு எங்க போறது? ஆனா கிழக்கு வாயில, ஜலசந்தி ஒடுங்குற முதல் இடுக்குப் பக்கத்துல, தண்ணி மூணு மாடி ஏறி மூணு மாடி இறங்கும். நேரம் பாத்து ஒதுங்கலேன்னா முழிக்கும்போது கடலே இருக்காது. செனோபியோ சொன்னானே, அதே வார்த்தை."

யூரே ஸ்டீயரிங்கைத் தட்டினான். "அப்ப அவன் மேற்கே போகவே இல்ல!"

"சுங்க இலாகால இருந்தப்ப நான் எத்தனை கடத்தல்காரனைப் பாத்திருக்கேன்! கெட்டிக்காரப் பொய்யன் எல்லாத்தையும் கற்பனை பண்ணுவான். செனோபியோ நல்லவன். நடந்ததையே சொல்லி, ஊரை மட்டும் மாத்தினான். மேற்கே காடு இருக்கும்னு ஞாபகமா ஒரு காட்டைச் சேத்துக்கிட்டான். மணலை எடுக்க மறந்துட்டான்."

"திருட்டு ராஸ்கல்," என்றாள் எர்மீனியா. "கிழக்கே எவனுக்கோ வித்துட்டான்!"

"அவனால கிடாவைக் கரைக்கு இறக்கவே முடியல. யூரே, மெத்தை போட்ட நாற்காலில உக்கார மாட்டேங்கிறவன் யாரு?"

"மூலவியாதிக்காரன்."

"இல்லடா. பின்பக்கம் முட்டு வாங்கினவன். அட்மிரல் அவனை மணல்ல உருட்டி எடுத்திருக்கு."

யூரே சிரித்த சிரிப்பில் கார் புல்வெளிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பின்சீட்டில் எர்மீனியாவின் வாயோரம்கூட ஒரு கணம் அசைந்தது. பிறகு அவள் வெளியே பார்த்தாள். பாதை எங்கே போகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் இறுகிப்போயிற்று.

"லெயோ, காரைத் திருப்பச் சொல்லு."

"அங்க யாரு இருக்கா, எர்மீனியா?"

"யாருமில்ல."

"உனக்குத் தெல்ஃபினான்னு ஒரு தங்கச்சி இருந்தாளே."

"இருந்தா." எர்மீனியா கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா சாகும்போது எனக்கு நிலத்தையும் கிடாக்களையும் குடுத்தாரு. தாய் ஆடுகளை அவளுக்குக் குடுத்தாரு. ரெண்டு பேரும் சேந்தே இருப்போம்னு நினைச்சிருப்பாரு. அவ ஆடுகளை ஓட்டிக்கிட்டு இந்தக் காத்துக்கு வந்தா. வந்த வருஷமே அத்தனையையும் கசாப்புக்கு வித்துட்டான்னு கேள்விப்பட்டேன். அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டு வளத்த ஆடுங்க. அன்னிக்கோட தலைமுழுகினேன்."

"அதுக்கப்புறம் பேச்சே இல்லையா?"

"போன மாசம் சொல்லி அனுப்பினா. ஒரு வாரத்துக்குக் கிடா வேணுமாம். ஆடே இல்லாதவளுக்குக் கிடா எதுக்கு? உனக்குக் குடுக்கறதுக்குப் பதிலா கசாப்புக் கடைக்கு அனுப்புவேன்னு பதில் சொன்னேன்."

"யாருகிட்டச் சொல்லி அனுப்பினா?"

"பவுதீலியோகிட்டதான். கம்பளி வெட்டுற சமயத்துல இந்தப் பக்கப் பண்ணைகளுக்குக் கூலிக்கு வருவான். வாயில்லாப் பூச்சி. சொன்னதைச் சொல்லிட்டு நின்னான்."

லெயோவின் முகத்தில் மறுபடி அந்தப் பசு வந்து உட்கார்ந்தது. யூரே அதைக் கவனித்தான். ஆனால் புரியவில்லை.

*

சிவப்புச் சாயம் பூசிய தகர வீடு ஒன்று சரிவில் தனியாக நின்றது. கீழே ஜலசந்தி ஒடுங்கி, முறுக்கிய கயிறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கியிருந்தது. கரையிலிருந்து வெகுதூரம்வரை ஈர மணல் மின்னியது. அதற்கப்பால் ஒரு சரக்குக் கப்பல், அட்லாண்டிக்கை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு இடுக்குக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

காரை நிறுத்தியதும் கதவைக் காற்று பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. யூரே அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே எர்மீனியா வேலியோரம் போய்விட்டாள்.

வேலிக்குள் ஆடுகள் நின்றன. பலவற்றின் பின்பக்கம் செக்கச்செவேலென்று சாயம்.

"இதுங்களுக்கு என்னாச்சு? ஹோலிப் பண்டிகையா?" என்று கேட்டிருப்பான் யூரே, அவன் நம்மூர்க்காரனாக இருந்திருந்தால். அவன் கேட்டது, "அடிபட்டிருக்கா?"

"அடியாவது!" எர்மீனியா பல்லைக் கடித்தாள். "கிடா மார்ல சாயம் பூசி விடுவாங்க. அது எந்த ஆட்டோட சேந்துச்சோ, அதுல சாயம் ஒட்டும். அப்பதான் கணக்குத் தெரியும்."

"ஓஹோ. அட்மிரல் போன இடமெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கார்!"

கையெழுத்துக்காரர் மந்தைக்கு நடுவில்தான் நின்றார். பெரிய சுருள் கொம்பு, சிவந்த மார்பு, உலகத்தின் மேலேயே ஒரு அலட்சியம். யூரேவைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தினார். யூரே சட்டென்று லெயோவுக்குப் பின்னால் போய் நின்றான்.

"போதும். பாத்துட்டேன்." எர்மீனியா வேலியை விட்டு விலகினாள். "என் ரத்தமே என்கிட்டத் திருடியிருக்கு. நேரா போலீசுக்குப் போ, தம்பி."

"ஒரு நிமிஷம்," என்றாள் லெயோ. வீட்டுக் கதவருகே போனாள். தட்டவில்லை. காற்றை மீறி உரக்கக் கத்தினாள்:

"பவுதீலியோ! நாலஞ்சு பேருக்கு மாத்தே டீ போடத் தண்ணி வை!"

தலைவிக்குக் காற்று மூளையில் ஏறிவிட்டது என்றுதான் யூரே நினைத்தான். பவுதீலியோ புந்தா அரேனாஸில் கப்பலுக்குக் காத்திருக்கிறான். காலையில் அவன் மூட்டையை யூரேதானே...

கதவு திறந்தது. எர்மீனியாவின் அதே மூக்கும், அதைவிட இளகிய கண்களும் கொண்ட ஒரு பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால், கம்பளிச் செருப்பும் சமையல் துணியுமாக, கையில் பாதி தோலுரித்த உருளைக்கிழங்கோடு பவுதீலியோ.

"வச்சாச்சு, தோன்யா," என்றான், ஈனமான குரலில்.

யூரே காலையில் மூட்டை தூக்கிய முதுகைத் தடவிக்கொண்டான். 

"என்னய்யா இது?" என்று கத்தினான். "நீ சீலோவேக்குப் போறேன்னே!"

"நீ நம்பினதுதான் எனக்கு ஆச்சரியம்," என்றாள் லெயோ. "சீலோவே தீவுல மண்ணைக் கீறினா உருளைக்கிழங்கு. அங்க போறவன் இங்கிருந்து கிழங்கு மூட்டை தூக்கிட்டுப் போவானா? கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போன மாதிரி! கிழங்கு முளைக்காத இடத்துக்குத்தான் கிழங்கு கொண்டுபோவாங்க. இந்தக் காத்துல முள்ளங்கிகூட நிக்காது. நீ மூட்டையை இறக்கி வச்ச மூலைலேர்ந்து எந்த பஸ் கிளம்புது?"

யூரே கண்ணை மூடிக்கொண்டான். "கிழக்கு பஸ்."

"செனோபியோவை முட்டித் தள்ளின கிடாவைக் கரையேத்தினது யாருன்னு யோசிச்சேன். அது ஒருத்தனுக்குத்தான் அடங்கும். அந்த ஒருத்தன் திங்கக்கிழமையிலேர்ந்து லீவுல இருந்தான். துரத்தினப்ப வாயே திறக்கல. மறுநாள் காலைல சவரம் பண்ணித் தலை வாரியிருக்கான். துக்கத்துல இருக்கிறவன் எவண்டா தலை வாருவான்? பொண்ணு வீட்டுக்குப் போறவன்தான் வாருவான்."

"நான் மூட்டை தூக்கினேன்," என்றான் யூரே பரிதாபமாக. "என் பன்னையும் குடுத்தேன்."

"ருசியா இருந்துச்சு தம்பி," என்றான் பவுதீலியோ.

எர்மீனியா வாசலைத் தாண்டி வந்து அவன் எதிரில் நின்றாள். தங்கையை அவள் பார்க்கவில்லை. "எத்தனை வருஷம்டா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா உனக்கு?"

"சொல்லத்தான் வந்தேன், தோன்யா. போன மாசம். ரெண்டு விஷயம் வச்சிருந்தேன். முதல்ல கிடா. அது முடிஞ்சதும் கல்யாணம். கிடாவுக்கே கசாப்புக் கடைன்னுட்டீங்க. ரெண்டாவதைச் சொன்னா என்னை எங்க அனுப்புவீங்களோன்னு..." அவன் கிழங்கை மேசையில் வைத்தான். "வேலையை விட்டுப் போறேன்னு சொல்லவும் தைரியம் வரல. உங்க தங்கச்சியக் கட்டிக்கிறேன்னு சொல்லவும் தைரியம் வரல. அதான் கிடாவத் திருடினேன்."

"இது தைரியம் தேவைப்படாத வேலையா?" என்றான் யூரே.

"முடிச்சு மேல பழியப் போடுன்னு செனோபியோகிட்ட நான்தான் சொன்னேன். நீங்களே என்னைத் துரத்திட்டா, போறதுக்கு ஒரு காரணம் ஆச்சு. அடுத்த வாரம் அவன் கிடாவை ரியெஸ்கோவுக்குக் கொண்டுபோய், காட்டுல அகப்பட்டுச்சுன்னு ஒப்படைக்கறதா ஏற்பாடு. போலீசுக்குப் போவீங்கன்னு நினைக்கல. போனா என்னை மட்டும் பிடிச்சுக் குடுங்க. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களே மனசு வந்து குடுத்தீங்கன்னுதான் சொன்னேன்."

தெல்ஃபினா அப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பவுதீலியோ இன்னும் ஒரு சாண் குட்டையாகிவிட்டான்.

"அக்கா குடுத்தான்னியே," என்றாள். "நாலு நாளா ஒவ்வொரு ஆட்டுக்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேனே, அக்கா அனுப்பினான்னு."

அடுப்பில் கெட்டில் கூவியது. எர்மீனியா சட்டென்று திரும்பி வெளியே போனாள். கார் பக்கம்தான் போகிறாள் என்று நினைத்து யூரே சாவியைத் தேடிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

அவள் வேலியைத் திறந்து ஆடுகளுக்குள் போனாள். ஒரு கிழட்டு ஆட்டைத் தாடையில் பிடித்து முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். இடது காதில் பழைய வெட்டுக்குறி இருந்தது. அடுத்ததைப் பிடித்தாள். அதற்கும் இருந்தது. இளசுகளையும் விடவில்லை. காதுகளைத் தடவினாள், கம்பளியைப் பிரித்துப் பார்த்தாள். அட்மிரல் தலையைத் தாழ்த்தினார். "போடா," என்றாள். ஆச்சரியம், போய்விட்டார்.

"இது எங்கப்பா போட்ட குறி," என்றாள் யூரேவிடம். அவன் இல்லாவிட்டாலும் அந்த வேலியிடம் சொல்லியிருப்பாள். "அவர் வெட்டுற மாதிரியே இந்தக் குட்டிகளுக்கும் வெட்டியிருக்கா. ஒண்ணைக்கூட விக்கல. பட்டினி கிடந்திருக்கா, விக்கல."

"ஊர்ல வித்துட்டான்னு சொன்னது யாரு, தோன்யா?"

"ஊருதான்."

"அதுக்கு எத்தனை வாய்!"

எர்மீனியா கன்னத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டாள். காற்றுதான் என்று யூரே அவளுக்காகச் சொல்லிக்கொண்டான்.

வீட்டுக்குள் திரும்பியபோது தெல்ஃபினா அசையாமல் அதே இடத்தில் நின்றாள். "கூட்டிக்கிட்டுப் போக்கா," என்றாள். "உன் கிடா. நான் கேட்டது தப்பு."

"பாதி ஆட்டுமேல இன்னும் சாயமே இல்ல. அதுக்குள்ள எங்க கூட்டிக்கிட்டுப் போறது?" எர்மீனியா நாற்காலியை இழுத்தாள். "ரியெஸ்கோகாரன் ஒரு வாரம் காத்திருக்கட்டும். அவன் ஆடுங்க என்ன, வேற யாரையாவது கட்டிக்கிட்டு ஓடியா போயிடும்?" உட்கார்ந்தாள். கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாள். "அடுப்புல என்ன?"

"கறிச் சூப்பு."

"எந்த ஆடு?"

"பக்கத்துப் பண்ணை ஆடு!" என்று தெல்ஃபினா பதறினாள். அதற்கு முதலில் சிரித்தது லெயோதான். பிறகு யாரால் நிறுத்த முடிந்தது?

சூப்பில் உருளைக்கிழங்கு தாராளமாக இருந்தது. தான் சுமந்ததற்குக் கூலியாக யூரே மூன்று கிண்ணம் வாங்கிக்கொண்டான். பவுதீலியோ உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் அடுப்போரம் நின்றுகொண்டே இருந்தான். எர்மீனியா அவனைப் பார்க்கவே இல்லை. தங்கையிடம் புல்லைப் பற்றியும் பனியைப் பற்றியும் கேட்டாள். பாதி கேள்விகளில் சண்டை வாசனை அடித்தது. இருந்தாலும் தெல்ஃபினா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கீழே தண்ணீர் திரும்பி, மணலை விழுங்கிக்கொண்டு மேலேறியது. லெயோ கோட்டை எடுத்து மாட்டினாள்.

"எர்மீனியா, நாளைக்குச் சாயங்காலம் போலீஸ்காரங்க உனக்காகக் காத்திருப்பாங்க. நீ நேத்தே சொல்லி வச்சுட்டே. ஆடு காணோம்னு ஊர் முழுக்கப் பேச்சு. என்ன சொல்லட்டும்?"

பவுதீலியோவின் கையிலிருந்த கரண்டி நடுவிலேயே நின்றது.

எர்மீனியா அவசரப்படவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்ததை ரொட்டியால் துடைத்துத் தின்று முடித்தாள். அதன்பிறகுதான் அன்றைக்கு முதல்முறையாகத் தங்கையை நேருக்கு நேர் பார்த்தாள்.

"என்னத்தச் சொல்றது? ஆடு எதுவும் காணாமப் போகல. எங்க வீட்டுல ஒரு கல்யாணம். சீர் மட்டும் கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு."